மடையன் ஆவது எப்படி?

வாடா பேராண்டி. செருப்ப வெளிய உட்டுட்டு வா. மூஞ்சி ஏன்டா கரும்பு லோட கவுத்துட்டு வந்த டிராக்டர் டிரைவர் மூஞ்சி மாதிரி இருக்குது? நீ பாத்துக்கற ஆஸ்டல் நெட்டு நின்னுபோச்சா? முன்னூறு பசங்க உன் ரூம் கதவ இடிக்கிறானுங்களா? பிரின்சிபாலு வேற போன் மேல போனா? சரி, உக்காரு. கெழவிய மோர் கொண்டாரச் சொல்றன். அது உள்ள டிவில பென்டிரைவ் சொருகி எம்.ஜி.ஆர். படம் பாத்துக்கிட்டிருக்குது. சண்ட முடிஞ்சாத்தான் மோர் வரும்.

என்ன பண்ணப்போறன்னு சொல்லு கேப்பம். பசங்க ஒருத்தனுக்கொருத்தன் பைல் குடுத்துக்கிறத மொத்தமாத் தடை பண்ணப்போறியா? அதோட நிக்காம, வெளியேந்து வர்ற லைன ரெட்டிப்பாக்கச் சொல்லியும் எழுதிப்போடப் போறியா? பலே! தலைவலிக்குத் தலைய எடுக்கற வைத்தியன் உண்டு. தலையையும் எடுத்துட்டு, புதுசா ரெண்டு தல வைக்க டெண்டரும் உடற வைத்தியன இப்பத்தான் பாக்கறன்.

நீ ஒரு மடையன்டா.

கோவம் வருதா? ஏரில மடையத் தெறந்து மூடுறவன் பேருதான்டா மடையன். மழைல, இருட்டுல, கழுத்தளவு தண்ணில முங்கி மதகுப் பலகையப் புடுங்குவான். அவன் இல்லாட்டி மேல இருக்கற கயினி அழுவும், கடைகோடிக் கயினி காயும். ஊரே அவனுக்குக் களத்துல நெல்லு அளந்துச்சி. அத நெனச்சா உன்ன மடையன்னு சொன்னது என் தப்புதான். அந்தப் பட்டத்துக்கு நீ இன்னும் தேறல.

இருவது வருசம் ஊரு ஏரிக்குத் தண்ணி பாய்ச்சினவன் நான். அதுக்கு முன்ன ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டினன். எனக்குக் கம்பூட்டரு தெரியாது. நீ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து திண்ணையில அளந்து உட்ட கதைங்கதான் தெரியும். அதையே உனக்குத் திருப்பிச் சொல்றன், கேட்டுக்க. சொன்னவனுக்கு மறந்துபோச்சி, கேட்டவனுக்கு ஞாபகம் இருக்குது.

மொதக் கேள்வி. எங்கடா தேங்குது?

கடைகோடிக் கயினிக்குத் தண்ணி வரலன்னு ஒருத்தன் வந்து நின்னா, உடனே 'ஏரி சின்னது, வெட்டிப் பெருசாக்கு'ன்னு சொல்லுவனா? ஏரில தண்ணி இருக்குதா பாப்பன். மதகு அடச்சிருக்குதா பாப்பன். கால்வாயில கோரை மண்டியிருக்குதா பாப்பன். கடைசில அவன் வரப்புல நண்டு வளை இருக்குதான்னும் பாப்பன். நாலும் நாலு நோவு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னாங்க. நீ அளக்கவும் இல்ல, எந்த ஆறுன்னும் பாக்கல.

பிங்குன்னு ஒண்ணு சொன்னியே, அத எடு. கெணத்துல கல்லப் போட்டு, சத்தம் வர எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்கற வேலைதான அது? மொதக் கல்ல ஆஸ்டல் வாசல்ல இருக்கற ரூட்டருக்குப் போடு. ரெண்டாவது கல்ல காலேஜி பெரிய ரூட்டருக்கு. மூணாவது வெளிய. ராத்திரி ஒம்பது மணிக்கு ஒருதரம், விடியக்காலம் நாலு மணிக்கு ஒருதரம். மொதக் கல்லே நேரம் கழிச்சித் திரும்புதுன்னா, நீ வெளிய எவ்ளோ பெரிய லைன் வாங்குனாலும் வீண். சீக்கு ஊட்டுக்குள்ள இருக்குது.

ஊட்டுக்குள்ள சீக்குன்னா ரெண்டு எடத்துல பாரு. ஒண்ணு வைஃபை. ஒரு பெட்டியடில நாப்பது பேரு உக்காந்திருந்தாலும் ஒரு நேரத்துல ஒருத்தன்தான் பேச முடியும். பஞ்சாயத்து மாதிரி. அதுல கடைசி ரூம் பையன், சுவத்துக்கு அந்தாண்ட இருந்து திக்கித் திக்கிப் பேசுவான். அவன் முடிக்கிறவரைக்கும் எல்லாரும் வாயப் பொத்தணும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணுக்கொண்ணு மோதாத சேனல் 1, 6, 11, இந்த மூணுதான்னு நீதான் சொன்ன. அப்பறம் ஏன்டா மூணு மாடிலயும் எல்லாப் பெட்டியும் 6லயே கூவுது? பொண்ணு ஊட்டுக்காரனும் மாப்ள ஊட்டுக்காரனும் ஒரே மைக்குல பேசற மாதிரி!

ரெண்டாவது சுவிட்ச். எவனாவது ஒரு ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே சுவிட்சுல சொருகியிருப்பான். ஊருக்கெல்லாம் சேதி சொல்ற பாக்கெட்டு ஒண்ணு உள்ள போனா, வெளிய வர வழி இல்லாம சுத்திச் சுத்திப் பெருகும். கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்புல நாலு பக்கத்து வண்டியும் ஒரே நேரத்துல நடுவுல பூந்து, எவனும் பின்னால எடுக்க மாட்டன்னு நின்ன கதைதான். அதுக்கு ஸ்பேனிங் ட்ரீன்னு ஒரு போலீஸ்காரர் சுவிட்சுக்குள்ளயே இருக்காராம். அவர எழுப்பி உட்டியா? இல்ல அவரும் உன்ன மாதிரி தூங்கறாரா?

ரெண்டும் சுத்தம்னா அப்பறம் வெளி மதகுக்கு வா.

காலேஜிக்கு வெளியேந்து வர்றது நொடிக்கு 100 மெகாபிட்டு. ஒரு ஜிபி பாடத்த எறக்க, மொத்த லைனையும் ஒருத்தனுக்கே குடுத்தாலும் 80 நொடி. அதே பாடத்த முன்னூறு பசங்களும் தனித்தனியா எறக்கினா? கணக்கப் போடுறா, பீஸு கட்டிப் படிக்க வச்சமே. 24,000 நொடி. ஆறு மணி நாப்பது நிமிசம். ராத்திரி பூரா போச்சி. அதையே ஒருத்தன் ஒருதரம் எறக்கி உள்ள வச்சிட்டா வெளி மதகுக்கு 80 நொடி வேலை, அவ்ளோதான். அப்பறம் உள்ளுக்குள்ள இருக்கற ஒயரு ஆயிரம் மெகாபிட்டு ஆச்சே, ஆளுக்கு எட்டு நொடி.

விழுப்புரத்துலேந்து நம்ம கள்ளக்குறிச்சிய 2019ல தனி மாவட்டமா ஏன் பிரிச்சாங்க? ஒரு கையெழுத்துக்கு வெள்ளிமலைக்காரனும் சின்னசேலத்துக்காரனும் விழுப்புரம் வரைக்கும் ஓடவேணாம்னு. உள்ளூர்ல முடியற வேலைக்கு வெளியூரு எதுக்கு? நீ என்னடான்னா, பசங்க உள்ளுக்குள்ள குடுத்து வாங்கறத மூடி, எல்லாரையும் விழுப்புரத்துக்கு பஸ் ஏத்தி உடறன்ங்கிற!

ஐஐடி ஆஸ்டலுங்கள்ல டிசி பிளஸ் பிளஸ்னு ஒண்ணு ஓடுச்சின்னு சொன்னியே, அது என்ன பண்ணுச்சி? நடுவுல ஹப்புன்னு ஒரு தரகன். யாருகிட்ட என்ன இருக்குதுன்னு எல்லாரையும் கேட்டு உடறது மட்டும்தான் அவன் வேலை. சரக்கு அவன் கையில படாது. அந்த ரூம் பையன்கிட்டேந்து இந்த ரூம் பையனுக்கு நேராப் போவும். வெளி லைனுக்கு ஒரு பொட்டு பாரம் இல்ல. மாட்டுச் சந்தையில துண்டு போட்டு வெரலப் புடிக்கிற தரகன் மாட்டத் தோள்லயா தூக்கறான்?

அமெரிக்காவுலயும் இந்தக் கூத்து நடந்திருக்குது. நாப்ஸ்டர் 1999ல வந்துச்சி, காலேஜிப் பசங்க பாட்டு எறக்கறன்னு லைன அடச்சானுங்க. இந்தியானா பல்கலைக்கழகம் 2000த்துல உன்ன மாதிரியே தடை போட்டுச்சி. அப்பறம் கம்பெனிக்காரனோட உக்காந்து பேசி, பாட்ட மொதல்ல கிட்டக்கத் தேடுற மாதிரி மாத்தலாம்னு முடிவு பண்ணி, கதவத் தெறந்துச்சி. கிட்டக்கத் தேடுன்னு சொன்னதுதான்டா வைத்தியம். அதுக்குள்ள மெட்டாலிக்கான்னு ஒரு பாட்டுக் கோஷ்டி, நாப்ஸ்டர் மேலயும் அந்தப் பல்கலைக்கழகத்து மேலயும் சேத்து வழக்குப் போட்டு, மறுபடியும் மூட வேண்டியதாப்போச்சி. அதனால ரெண்ட ரெண்டாப் பாரு. லைன் அடச்சிக்கிறது மதகுச் சமாச்சாரம். அடுத்தவன் படத்த ஓசில எடுக்கறது கோர்ட்டுச் சமாச்சாரம், நம்ம நாட்டுல 1957லயே சட்டம் போட்டாச்சி. ஒண்ணுக்கு ஒண்ண மருந்தாக்காத.

பம்பாய் ஐஐடில 2007ல ஆஸ்டல் நெட்ட ராத்திரி பதினோரு மணிக்கு மூடி மறுநாள் பகல் பன்னெண்டரைக்குத் தெறந்தாங்க. பசங்க காலைல வகுப்புக்கு வரல, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கலன்னு. அது பசங்களத் தூங்க வைக்கிற வைத்தியம், லைனுக்கு இல்ல. நீ அதச் செஞ்சா என்ன ஆவும்? பத்தே முக்காலுக்கு முன்னூறு பேரும் ஒரே நேரத்துல கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான்.

பசங்களுக்கு என்ன வேணும்னு கேட்டியா? என்பிடெல்னு ஐஐடிக்காரங்க பாட வீடியோ போடறாங்களே, அதுல உன் பசங்க பாக்கறத ஒரு பெட்டியில உள்ளாற வை. லினக்சு, அப்டேட்டு, எல்லாம் அந்தப் பெட்டியில. முன்னல்லாம் போற வழியிலயே தானா ஒரு நகலு எடுத்து வச்சிக்கிற பெட்டி இருந்துச்சி. இப்பப் பக்கம் பூராப் பூட்டுப் போட்டு வருதாமே, அது எடுக்காது. நீதான் ஒக்காந்து எடுத்து வைக்கணும். இன்னொண்ணும் கேட்டுக்க. அந்தப் பெட்டிய வைஃபைல தொங்க உடாத, ஒயர்ல கட்டு. பசங்களும் வைஃபைக்குள்ளயே ஒருத்தனுக்கொருத்தன் குடுத்தா, ஒரே பைலு மேல ஒருதரம் ஏறி, கீழ ஒருதரம் எறங்கும். காத்த ரெண்டுதரம் அடைக்கும்.

இப்பக் கரும்புக்கு வரன்.

அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே வாரத்துல வெட்டி ஆலைக்கு ஓட்டினம். ஆலைப் பேரு வேணாம். ஆலை அரைக்கிறது அரைக்கிறதுதான். வாசல்ல வண்டி ரெண்டு மைலுக்கு நின்னுச்சி. நாலு நாளு நின்ன கரும்பு காஞ்சிடும், எடையும் போச்சி, சாறும் போச்சி. ஒரு அவசரக்காரன் இருந்தான். மொத லோடு எறங்குன சேதி இன்னும் வரலியேன்னு, அதே சரக்குக்குப் பதிலா இன்னொரு லோடு வெட்டி அனுப்புவான். வரிசை இன்னும் நீளும்.

அமெரிக்காவுல பெர்க்லின்னு ஊரு. ஒரு ஆய்வுக்கூடத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல 400 கெஜம்தான். 1986 அக்டோபர்ல, நொடிக்கு 32,000 பிட்டு போய்க்கிட்டிருந்த லைன்ல 40 பிட்டு போச்சாம். நான் நடந்துபோய் காதுல சொல்லிட்டு வந்தாலும் அதவிட வெரசா முடிச்சிருப்பன். ஒயரு அறுந்துச்சா? இல்ல. எல்லாக் கம்பூட்டரும் அந்த அவசரக்காரன் மாதிரி, பதில் வரல பதில் வரலன்னு அனுப்புனதையே திருப்பித் திருப்பி அனுப்பியிருக்குது. வேன் ஜேகப்சன்னு ஒருத்தரு, காரெல்ஸுன்னு இன்னொருத்தரோட சேந்து 1988ல வழி எழுதி வச்சாரு. மொதல்ல கொஞ்சம் அனுப்பு. ரசீது வந்தாக் கூட்டு. வரலன்னா சட்டுனு கொறச்சிக்க. இதத்தான்டா ஆலைக்காரன் வெட்டு உத்தரவுன்னு குடுத்தான். ஆலைய ரெட்டிப்பாக்கல, வெட்டறத முறையாக்கினான்.

அப்பறம் ஒரு புத்திசாலி, 'வாசல்ல யார்ட பெருசாக்கிட்டா எல்லா வண்டியும் உள்ள நிக்கும்'னான். நின்னுச்சி. வெளிய பாக்க அழகா இருந்துச்சி. உள்ள கரும்பு அதே நாலு நாளு காஞ்சிச்சி. உங்க ரூட்டருலயும் அந்தக் கத உண்டுல்ல? நெனவுக் கொட்டாய்ல எடம் இருக்குதேன்னு பாக்கெட்ட அடுக்கி வச்சிக்குமாம். கீழ உழாது, ஆனா போயும் சேராது. பஃபர்புளோட்டுன்னு அதுக்குப் பேரு. அதுக்கும் அதே ஜேகப்சன்தான், கேத்லீன் நிக்கோல்ஸுன்னு ஒரு அம்மாவோட சேந்து 2012ல மருந்து சொன்னாரு. வரிசை எவ்ளோ நீளம்னு எண்ணாத, ஒவ்வொரு வண்டியும் எவ்ளோ நேரம் நின்னுச்சின்னு பாரு. ரொம்ப நேரம் நிக்குதா, ஒண்ண ரெண்டத் திருப்பி அனுப்பு, வெட்டறவனுக்குச் சேதி போவும். கோடெல்னு பேரு வச்சாங்க.

ஒரு சூட்சுமம். வெளியேந்து 100 வருதுன்னா உன் மதகுல 95க்கே கட்டு. அஞ்ச உட்டுட்டமேன்னு அழாத. வரிசை உன் வாசல்ல நின்னாத்தான் நீ முறை சொல்ல முடியும். லைன் குடுக்கற கம்பெனிக்காரன் வாசல்ல நின்னா அவன் வச்சதுதான் முறை.

இப்ப அந்த நோட்ட எடு. யாரு எவ்ளோ இழுக்கறான்னு கணக்கு எடுத்து வந்திருக்கியே. நாலு பேருதான் முக்காவாசி. கல்வராயன் மலையில ஜாகிர்தாருங்க ஆட்சி 1976ல ஒழிஞ்சிபோச்சின்னு நெனச்சன். உன் ஆஸ்டல்ல இன்னும் நாலு ஜாகிர் நடக்குதேடா! மொத ரெண்டும் டோரண்டு போடற பையனுங்க. மூணாவது கேமராப் பெட்டி. நாலாவது வரிய ஏன்டா கட்டவெரலால மறைக்கிற? மறைச்சிக்க, அதுக்கு அப்பறம் வரன்.

டோரண்டுக்காரன் செய்யறது ஒண்ணும் மாயம் இல்ல. ஊருக் கொழாயில வரிசை கொடத்துக்குன்னு வச்சா, ஒருத்தி ஊட்டுல இருக்கற அம்பது கொடத்தையும் கொண்டாந்து வரிசைல வச்சிடுவா. ஒரே கொடத்தோட வந்த கெழவி அம்பத்தோராவது. அவனும் அம்பது பக்கத்துலேந்து அம்பது இணைப்புப் போடறான், லைனு இணைப்பு இணைப்பாப் பங்கு வைக்குது. வரிசைய ஊட்டுக்குன்னு மாத்து. ஆளுக்கு ஒரு பங்கு. அவன் பங்குக்குள்ள அம்பதா வேணா பிச்சிக்கட்டும். மத்தவன் தூங்கறப்போ மொத்தத்தையும் அவனே குடிக்கட்டும், வேணாங்கல. முறைத் தண்ணின்னா அதுதான. எஃப்கியூ கோடெல்னு சொன்னியே, அது தனித்தனி வரிசை போட்டு சுத்தி சுத்தி ஊத்தும். ஊட்டுக்கு ஒரு பங்குன்னு நீ அதுக்கு எடுத்துச் சொல்லணும், சொல்லாட்டி அதுவும் கொடத்தத்தான் எண்ணும்.

அவன் இணைப்பயே அடச்சிடறன்னு கெளம்பாத. ஒரு போர்ட்ட அடச்சா இன்னொண்ணுல வருவான், அதையும் அடச்சா விபிஎன்ல வருவான். எலி வளைய மண்ணு போட்டு மூடினவன் வரப்பு பூரா ஓட்டையாக்கினான். டோரண்டுலயே இப்ப மரியாதை தெரிஞ்ச சாதி ஒண்ணு உண்டாம்ல. 2012லயே வழிமுறை எழுதிட்டாங்க. வரிசை நீளுதுன்னு வாசம் புடிச்சாத் தானா ஒதுங்கி நிக்கும். அதப் போட்டுக்கடா தம்பின்னு பையன்கிட்ட தன்மையாச் சொல்லு.

கேமராவுக்கு வா. உங்க லைனு கீழ வர்றது 100, மேல போறது 25. பன்னெண்டு கேமரா, ஆளுக்கு 2 மெகாபிட்டுன்னா 24 ஆச்சி. ராவும் பகலும் படத்த வெளிய எங்கயோ அனுப்பிக்கிட்டே இருக்குது. 'மேல போறதுதான தாத்தா, கீழ வர்றது ஏன் நிக்குது'ங்கிற. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமா வெள்ளிமலைக்கு ஏறுற ரோட்டப் பாத்திருக்கியே. மேலேந்து கடுக்காயும் தேனும் எறங்குது. ஒரு லோடு வந்து சேந்துச்சின்னு கீழேந்து ரசீதுக்காரன் டூ வீலர்ல மேல போனாத்தான் அடுத்த லோடு கெளம்பும். ஏறுற பக்கம் வளைவு வளைவுக்குப் பன்னெண்டு லாரிய நிறுத்திட்டா ரசீதுக்காரன் எந்த வழில போவான்? எறங்குற பக்கம் காலியாத்தான் கெடக்கும், லோடுதான் வராது. கேமராப் படத்த உள்ளயே ஒரு பெட்டில புடிச்சி வைடா. ஆஸ்டல் வாசல்ல மாடு நொழஞ்சது வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்கு?

ஆச்சா? மோர் வந்துடுச்சி. குடி.

இப்ப அந்தக் கட்டவெரல எடு. நாலாவது ஜாகிர். ஆஸ்டல் ரூம் நம்பர் இல்லயே, சர்வர் ரூம்னு இல்ல எழுதியிருக்குது? அந்தச் சாவி உன்கிட்ட மட்டும்தான இருக்குது? ராத்திரி பூரா அவ்ளோ எறக்கி என்னடா பண்ற? போன மாசம் கெழவிக்குப் பென்டிரைவ்ல இருவத்திரெண்டு எம்.ஜி.ஆர். படம் கொண்டாந்தியே, அது என்ன கோமுகி அணையில வெள்ளத்தோட அடிச்சிக்கிட்டு வந்துச்சா? நான் மொதல்லயே கேட்டிருப்பன். படம் நல்லா இருந்துச்சி, அதான் கேக்கல.

சரி, தல குனியாத. என் காலத்துல மதகுச் சாவி வச்சிருந்தவன் கயினி எப்பவும் பச்சையாத்தான் இருந்துச்சி. அது என் கயினிதான். ஒரு வருசம் கடைகோடிக்காரன் மம்புட்டியத் தூக்கிக்கிட்டு வந்தப்பறம்தான் எனக்கு முறை புரிஞ்சது. உன்கிட்ட முன்னூறு பேரு வந்து கதவத்தான இடிக்கிறானுங்க, மம்புட்டி இல்லல்ல? நீ அதிர்ஷ்டக்காரன்.

போ. மொதல்ல உன் மடைய மூடு. அப்பறம் கேமராவ உள்ள திருப்பு. அப்பறம் ஊட்டுக்கு ஒரு பங்கு. பாடத்தயும் அப்டேட்டயும் உள்ளுக்குள்ள வை, பசங்க குடுத்து வாங்கறத உடு. ஒரு வாரம் ராத்திரி ஒம்பது மணிக்குக் கல்லப் போட்டுப் பாத்து நோட்டுல எழுது. அதுக்கு அப்பறமும் அடைக்குதுன்னா, அப்ப லைன் வேணும்னு எழுதிப்போடு, நானே கைநாட்டு வைக்கிறன். அடைக்கலன்னா அடுத்த பொங்கலுக்கு வா. ஊருக்கு நடுவுல நிக்க வச்சி, எல்லாரு காதுலயும் உழுற மாதிரி உன்ன மடையன்னு கூப்புடறன்.